கச்சான் எந்தப் பக்கம்?

ஆம்பூரில் வந்து என் வீட்டுக்கு வழி கேட்டால், 'கப்பல்காரர் வீடா?' என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பாலாற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் ஓடினாலே ஊரே திரண்டு போய் வேடிக்கை பார்க்கிற இடத்தில், பாய்மரத் தோணியில் சுக்கான் பிடித்துத் தலை நரைத்தவன் ஒருவன் குடியிருந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? போன மாதம் பட்டணத்துத் துறைமுகத்துக்கு ஒரு வேலையாக வந்தபோது, புதிதாகச் சுக்கான் பிடிக்க வந்திருக்கும் நீங்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். கரை நெருங்குகிற நேரத்தில் காற்று மாறினால் முதலில் எதைப் பார்க்க வேண்டும், பாயையா, தண்ணீரையா, வானத்தையா? ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பதில் சொல்லாமல் ஓடிவந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பாயை எப்படிச் சுருக்குவது, எந்தக் கயிற்றை எப்போது தளர்த்துவது என்றெல்லாம் இதில் தேடாதீர்கள். அதையெல்லாம் தோணியை நடத்துகிற உங்கள் தண்டேல் காதைத் திருகிச் சொல்லிக்கொடுப்பார். அவர் சொல்லிக்கொடுக்க மறந்துபோகிற ஒன்று இருக்கிறது. என் தண்டேலும் அதை மறந்தார். அதனால் ஒரு சாயங்காலம் தோணியோடு நாங்கள் அத்தனை பேரும் போயிருக்க வேண்டியது.

நான் பிறந்து வளர்ந்தது தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றத்தில். அப்பா சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். எனக்கு அந்தக் குழியைக் கண்டாலே ஆகாது. பதனிட்ட தோல் கட்டுகளோடு ரயிலேறிப் பட்டணம் வந்தவன், தோணி ஒன்றில் ஆள் பற்றவில்லை என்றார்கள், வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் ஏறிவிட்டேன். அந்தத் தோணியின் தண்டேல் தெற்கத்திக் கடற்கரைக்காரர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், என்னைப் பத்தி எழுத ஒனக்கு யாருலே அதிகாரம் குடுத்தா என்று மேலே இருந்தே கேட்பார். மூக்குக்கு மேல் கோபம் வரும். வைதால் காது கூசும். கடலில் மட்டும் அவர் சொன்னது பிசகி நான் பார்த்ததில்லை. வருஷக்கணக்கில் அவரிடம் அடிபட்டு, மிதிபட்டு, கடைசியில் சுக்கானுக்கு வந்தேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எனக்கு அவர் வைத்த பெயர் ஆம்பூரு.

அந்தத் தடவை யாழ்ப்பாணத்திலிருந்து உப்புப் போட்ட ஆட்டுத்தோல் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்கு வந்துகொண்டிருந்தோம். அங்கிருந்து அது ரயிலில் ஆம்பூருக்குப் போக வேண்டும். அதற்கு முந்தைய சரக்கு கடலில் வேர்த்து, மயிர் கழன்று, பாதி அழுகிப் போய் இறங்கியிருந்தது. அதனால் தோல் மண்டிக்காரர் இந்தத் தடவை தோலைப் புரட்டிப்போட்டு உப்பு மாற்றுவதற்கென்றே ஆம்பூரிலிருந்து நாலு ஆட்களை அனுப்பியிருந்தார். ரஹீம் பாய் மேஸ்திரி. தோலைத் தொட்டே அதன் வயசு சொல்லக்கூடியவர். இந்தப் பயணத்துக்கு முன்னால் கடலைப் பார்த்ததில்லை. மற்ற மூன்று பேரும் தோல் ஷாப்பில் சுமை தூக்குகிறவர்கள். அதில் ஒருவன் முனிரத்தினம், என் தங்கச்சி புருஷன்.

முனிரத்தினம் ஈரத்தோல் கட்டை ஒண்டியாகத் தூக்கித் தோளில் போடுவான். கிணற்றில் இறங்கச் சொன்னால் மட்டும் பத்தடி தள்ளி நிற்பான். நீச்சல் தெரியாது. அவனை அனுப்ப என் தங்கச்சிக்கு இஷ்டமே இல்லை. நான்தான் சிபாரிசு பண்ணினேன். "நான்தானே சுக்கான்ல நிக்கறேன். கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர்றேன் போ" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிவப்புக் கரை போட்ட புதுத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டு, "இத்த தொலைக்காம எடுத்துட்டு வா" என்றாள். துண்டை மட்டும் சொல்லவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது.

அடித்தட்டு நிறைந்துபோய், மிச்சச் சரக்கு மேல்தட்டில் ஏறியிருந்தது. தோணியின் வலது பக்கம் தோல் கட்டுகள், இடது பக்கம் கொப்பரை மூட்டைகள். தோல் ஷாப்பில் பதனிடாத தோலுக்குக் கச்சாத் தோல் என்று பெயர். பேச்சில் தோல்கூட விழுந்துவிடும், வெறும் கச்சாதான். சரக்கு ஏறின அன்றிலிருந்து எங்கள் ஊர் ஆட்களுக்கு வலது பக்கம் கச்சா பக்கம் ஆகிவிட்டது. தண்ணிக் குடம் எங்கே என்றால் கச்சா பக்கம். பீடிக்கட்டு எங்கே என்றால் கச்சா பக்கம். நானும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டேன். நாக்குக்கு ஊர்ப் பேச்சு கிடைத்தால் விடுமா?

இப்போது உங்களுக்குத் தெரிந்த ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து, கரையிலிருந்து அடிக்கிற காற்றுக்கு நாம் என்ன சொல்கிறோம்? கச்சான். கிழக்கிலிருந்து அடித்தால் கொண்டல். உங்களுக்கும் எனக்கும் அது சாப்பாடு தண்ணீர் மாதிரி. ஆம்பூர்க்காரனுக்கு அந்த வார்த்தையே கிடையாது. அதிலும் நம் பேச்சில் கடைசி 'ன்' வாய்க்குள்ளேயே நின்றுவிடும், மூக்கில் லேசாக ஒரு சத்தம் மட்டும் வரும். காற்றில் கத்தினால் அதுவும் வராது.

யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பின அன்றைக்கே தண்டேல் அந்த நாலு பேரையும் உட்கார்த்திவைத்து முறையாகச் சொல்லியிருக்கிறார். நான் என் முறை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"கரை கிட்ட வரும்போது கச்சான் பொல்லாதது, கேட்டீங்களா? நல்லாத்தான் இருக்கும், திடீர்னு ஆளைக் கவுத்திரும். நான் சத்தம் குடுத்தா, கையில என்ன இருந்தாலும் போட்டுட்டு எல்லாரும் கச்சான் பக்கம் ஓடிரணும். அதுமேல ஒரு கண்ணு எப்பவும் இருக்கணும்."

ரஹீம் பாய் பெரிதாகத் தலையாட்டியிருக்கிறார். "அத்த நீங்க சொல்லணுமா தண்டேல்? அதுக்குத்தானே எங்கள அனுப்பியிருக்காங்க. கச்சா எங்க பொறுப்பு. நீங்க நிம்மதியா இருங்க."

தண்டேலுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. விஷயம் தெரிந்த ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார். ரஹீம் பாய்க்கும் சந்தோஷம். தோலின் அருமை தெரிந்த தண்டேல் என்று நினைத்துக்கொண்டார். இப்படி ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு நாலு நாள் வந்திருக்கிறார்கள். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

தென்காற்று பின்னாலிருந்து தள்ள, வடக்கே நன்றாகவே வந்தோம். நாலாம் நாள் காலையில் இடது பக்கம் கரை தெரிந்தது. நம்ம தேசம் தெரியுது என்றதும் எங்கள் ஊர் ஆட்கள் கொப்பரை மூட்டைமேல் ஏறி நின்றுவிட்டார்கள். முனிரத்தினம் என் பக்கத்தில் வந்தான்.

"மச்சான், நம்ம ஊரு எந்தப் பக்கம்?"

"அதோ தெரியுது பாரு, கோவளம். அதுக்கு நேரா மேக்கால நடந்தா நம்ம ஊருதான்" என்று கையைக் காட்டினேன்.

"நடந்தேவா?"

"ஏன், உனக்குக் கால் இல்லியா?"

அவன் போய் மற்றவர்களிடம் சொன்னான். அதற்குப் பிறகு அவர்களுக்கு வேறு வேலையே இல்லை. ஒரு கட்டைப் புரட்டுவார்கள், ஓடிப்போய் ஊர் இருக்கும் திசையைப் பார்ப்பார்கள். ரஹீம் பாய்கூட அந்தப் பக்கம் கையைத் தூக்கி வீட்டாருக்கு சலாம் சொன்னார். தண்டேல் பார்த்துவிட்டு, "ஒன் ஆளுகளுக்குக் கோட்டி புடிச்சிருச்சுலே" என்றார். அவருக்கும் அன்றைக்கு முகம் நன்றாகத்தான் இருந்தது.

பொழுது சாய ஆரம்பித்தபோது தென்காற்று நின்றுபோனது. பாய் தொங்கியது. தண்டேல் எழுந்து நின்று மூக்கை உறிஞ்சினார். கரைக்காற்று வருவதற்கு முன்னால் காய்ந்த மண் வாசனை வரும், அதை வைத்துத்தான் அவர் கண்டுபிடிப்பார். அன்றைக்குத் தோணி முழுக்கத் தோல் நாற்றம்.

"ஒங்க ஊர்ச் சரக்கு ஏறினதுல இருந்து என் மூக்கு செத்துப்போச்சு. ஏ ஆம்பூரு, எதும் சத்தம் கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலியே."

"அதத்தாம்லே சொல்லுதேன்."

நான் மேற்கே பார்த்தேன். கரைக்கு மேலே வானம் பழைய சுண்ணாம்புக் குழித் தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது. காலையில் பார்த்த தென்னைமர வரிசையைக் காணோம். கடல்மேல் கறுப்பாக ஒரு கோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. என் இடது கன்னத்தில் அடுப்பைத் திறந்தாற்போல ஒரு சூடு பட்டது.

தண்டேல் பாய்மரத்தடிக்கு ஓடிக்கொண்டே கத்தினார். "கச்சான்! எல்லாரும் கச்சான் பக்கம் ஓடுங்க!"

இதன் நியாயம் உங்களுக்குத் தெரியும். பாய் தென்காற்றுக்காக வலது பக்கம் விரிந்து கிடக்கிறது. மேற்கிலிருந்து அடித்தால் தோணி வலது பக்கம் சாயும். ஆட்கள் எல்லாரும் காற்று வருகிற இடது பக்கம் போய்க் கனம் கொடுத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குள் பாயின் கீழ்முனையைக் கட்டியிருக்கிற தாமான் கயிற்றை அவிழ்த்துவிட்டால் பாய் உதறிக்கொண்டு காற்றை விட்டுவிடும், தோணி நிமிரும். அந்தக் கயிறு வலது பக்கம் கட்டியிருந்தது. அதை அவிழ்க்க ஒரு மாலுமி ஓடினான். இன்னொருவன் தண்டேலோடு பாய்மரத்தடியில்.

காற்று அடித்தது. தோணி வலது பக்கம் படுத்தது. அதே நேரம் ரஹீம் பாயின் குரல் கேட்டது.

"கச்சா பக்கம் ஓடுங்கடா! டேய், கச்சா, கச்சா!"

நாலு பேரும் வலது பக்கம் ஓடினார்கள். ஓடி, தோல் கட்டுகள்மேல் விழுந்து, அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தாமான் கயிறு கட்டியிருந்த இடத்தில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். மாலுமி அவர்களைப் பிடித்துத் தள்ளுகிறான், நகரவில்லை. வலது பக்க விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது.

"அங்க இல்லலே! கச்சான் பக்கம்! கச்சான் பக்கம்!" என்று தண்டேல் தொண்டை கிழியக் கத்தினார். அவர் கத்தக் கத்த அவர்கள் இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடித்தார்கள். முனிரத்தினம் இரண்டு கட்டுகளை இரண்டு கைக்குள்ளும் அணைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பயந்தேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது? தங்கச்சி முகம் வந்து கண்ணெதிரே நின்றது.

தண்டேலுக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்திருக்கும். சொல்லிவைத்த ஆட்கள், தலையாட்டின ஆட்கள், இப்படிச் செய்கிறார்களே. ஒரு கணம் எனக்கும் புரியவில்லை. பிறகு இரண்டு குரலும் சேர்ந்து ஒரே நேரத்தில் என் காதில் விழுந்தன. தண்டேல் கச்சான் என்கிறார். ரஹீம் பாய் கச்சா என்கிறார். அந்த இரைச்சலில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. தாய்ப்பாலோடு ஒரு வார்த்தையையும் உப்புத்தண்ணீரோடு ஒரு வார்த்தையையும் குடித்தவன் அந்தத் தோணியில் நான் ஒருவன்தான்.

சுக்கானைத் திருப்பலாமா என்று கை துடித்தது. தண்டேல் சொல்லாமல் சுக்கானை அசைக்கக் கூடாது, தவிர அப்படிப் படுத்திருக்கிற தோணியைத் திருப்பினால் எந்தப் பக்கம் புரளும் என்று யாருக்குத் தெரியும்? கத்தத்தான் வேண்டும். என்னவென்று கத்துவது? இடது பக்கம் என்றால், ஆளுக்கு ஒரு திக்கில் கிடக்கிறவனுக்கு யாருடைய இடது? கொப்பரை பக்கம் என்றால், அவர்கள் உயிரைக் கொடுத்துத் தோலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள், எவனுடைய கொப்பரைக்காகவோ ஏன் விட்டுவிட்டு வரப்போகிறார்கள்? இவ்வளவும் யோசித்தேன் என்று இப்போது நீட்டி எழுதுகிறேன். அப்போது ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

"ஊர் பக்கம்!" என்று கத்தினேன். "மாப்ளே, ஊர் பக்கம் ஓடு! பாய், ஊர் பக்கம், ஊர் பக்கம்!"

முனிரத்தினம் கண்ணைத் திறந்தான். கட்டுகளை விட்டான். காலை முழுக்க ஓடி ஓடிப் பார்த்த திசை அல்லவா, யோசிக்க வேண்டியதே இல்லை. சாய்ந்த தட்டில் கையும் காலுமாக மேலே ஏறினான். அவன் பின்னால் மற்ற இரண்டு பேரும், கடைசியாக ரஹீம் பாயும். அவர்கள் இடம் விட்டதும் மாலுமி தாமானை அவிழ்த்தான். பாய் படபடவென்று உதறிக்கொண்டது. தோணி கொஞ்சம் யோசித்துவிட்டு நிமிர்ந்தது. பாயை இறக்கினார்கள். பிறகு மழை கொட்டியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். சமயத்தில் ஒரு வார்த்தை தோன்றியது, பிழைத்தோம் என்று சொல்லி மீசையை முறுக்கிக்கொண்டிருப்பேன்.

கச்சான் எங்களைக் கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டு, வந்த வேகத்தில் ஓய்ந்தது. மழைச்சாரலில் கரை மறைந்து மறைந்து தெரிந்தது. கொஞ்ச நேரம் காற்றே இல்லை. தண்டேல் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வலது பக்கத்திலிருந்து கொண்டல் எழுந்தது. சாதாரணக் கடல்காற்று என்று நினைத்தேன். அது ஏறிக்கொண்டே போனது.

இப்போது எல்லாம் தலைகீழ். காற்று எங்களைக் கரைப்பக்கம் தள்ளுகிறது. பாய் இறங்கியே கிடந்தால் தோணி வெறும் கட்டைதான், கொண்டல் அதைக் கொண்டுபோய்க் கரையோரப் பாறையில் போட்டுவிடும். பாயை ஏற்றி வடக்கே விலகிப் போகலாம், ஏற்றினால் தோணி இடது பக்கம் சாயும். இடது பக்கம் மழையில் ஊறின கொப்பரை மூட்டைகள். அவற்றின்மேல் எங்கள் ஊர் ஆட்கள் நாலு பேர். கனம் இப்போது வலது பக்கம் வர வேண்டும். தண்டேல் பாதிப் பாயை ஏற்றச் சொன்னார். தோணி உடனே இடது பக்கம் சாய்ந்து தண்ணீரை அள்ளியது.

"இந்தப் பக்கம் வாங்க! கொண்டல் பக்கம்!" என்றார் தண்டேல்.

ரஹீம் பாய் விளிம்புக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "கொண்டலும் தெரியாது, கிண்டலும் தெரியாது. நாங்க ஊர் பக்கம்தான் இருப்போம். உசிரு போனாலும் வுட மாட்டோம்" என்றார்.

முனிரத்தினம் அவரையும் மிஞ்சிவிட்டான். தங்கச்சி கொடுத்த துண்டை இடுப்பில் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து விளிம்புக் கட்டையில் முடிச்சுப் போட்டிருந்தான். முகத்தை ஊர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறான். நான் கொடுத்த வார்த்தைதான் அவர்களைக் காப்பாற்றியது. அதே வார்த்தை இப்போது அவர்களை அங்கே ஆணி அடித்துவிட்டது. என்ன கத்தினாலும் காதில் ஏறவில்லை. வெள்ளையாக அலை உடைகிற கோடு கண்ணுக்குத் தெரிந்தது.

தண்டேல் தடுமாறிக்கொண்டு பின்னால் வந்தார். அவர் சுக்கானுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

"அத எங்கிட்ட குடு. ஒன் ஆளுக. ஒன் பேச்சுதான் ஏறும். போ."

"கத்தியால துண்ட அறுத்து இழுத்துட்டு வந்துடறேன்."

"இழுக்காதலே. பயந்தவனை இழுத்தா இன்னும் இறுக்கிப் புடிப்பான். நீ எங்க இருக்கன்னு காட்டு, போ."

அவர் சொன்னதில் பாதிதான் புரிந்தது. முனிரத்தினம் இருந்த பக்கம்தான் முதலில் கால் போனது. ஒரு கையை நீட்டினால் அவன் தோளைத் தொட்டிருப்பேன். தொட்டால் என்னையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொள்வான் என்று தோன்றியது. திரும்பினேன். மேடாக ஏறி நிற்கிற வலது பக்கத்துக்குத் தவழ்ந்து போய், தோல் கட்டுமேல் உட்கார்ந்து, காலை முட்டுக் கொடுத்துக்கொண்டேன். என் முதுகுக்குப் பின்னால் வெறும் கடல். அவர்கள் கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அங்கே உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கத்தவில்லை. வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டேன். "மாப்ளே, இங்க பாரு."

அவன் பார்த்தான்.

"என் பக்கம் வா."

"ஊரு இங்கதானே மச்சான் இருக்குது?"

"இருக்கட்டும். நான் இங்க இருக்கேன்."

அவன் கொஞ்ச நேரம் கரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அந்த நேரத்தில் எனக்குக் கடவுள் பெயர்கூட ஞாபகம் வரவில்லை. அவன் குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். நனைந்து இறுகிப்போயிருந்தது. உடம்பைச் சுருக்கி, துண்டுக்குள்ளிருந்து கீழ்வழியாக உருவிக்கொண்டு வெளியே வந்தான். மேடேறித் தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். கை ஐஸாக இருந்தது. அவன் வந்துவிட்டதைப் பார்த்ததும் மற்ற இரண்டு பேரும் வந்தார்கள்.

ரஹீம் பாய் மட்டும் பாக்கி. "பாய், ஒண்டியா அங்க இன்னா பண்றீங்க, வாங்க" என்றேன்.

"சீ, பேஜாரு புடிச்ச பொழப்பு" என்று சொல்லிக்கொண்டே அவரும் வந்தார்.

ஐந்து பேரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு தோல்மேல் உட்கார்ந்தோம். தோணி அரையடி நிமிர்ந்தது. தண்டேல் இன்னும் கொஞ்சம் பாய் கேட்டார். பாறையை விட்டு விலகுகிறோம் என்று தெரிந்த பிறகும் எங்களை அவர் அசையவிடவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் துறைமுகத்தில் கட்டின பிறகு தண்டேல் ரஹீம் பாயைப் பிடித்துக்கொண்டார்.

"நான் என்ன சொன்னேன், நீரு என்ன செஞ்சீரு?"

"கச்சா பக்கம் ஓடுன்னீங்க, ஓடினோம்."

"அதத்தானவே சொன்னேன், கச்சான் பக்கம்னு."

"நாங்களும் அங்கதானே ஓடினோம்?"

நான் நடுவில் புகுந்து இரண்டு வார்த்தையையும் பிரித்துச் சொன்னேன். ரஹீம் பாய் வாயைப் பொத்திக்கொண்டார். அன்றைக்குத் தண்டேல் யாரையும் வையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த பயணத்திலிருந்து அவர் வழக்கமே மாறிவிட்டது. புது ஆள் யார் ஏறினாலும், நங்கூரம் எடுக்கும் முன்னால், புரிஞ்சுதா என்று கேட்க மாட்டார். "கச்சான், ஓடு" என்பார். அவன் எங்கே ஓடுகிறான் என்று பார்ப்பார். நானும் தண்டேல் ஆன பிறகு அதையேதான் செய்தேன். நீங்களும் செய்யுங்கள். தலையாட்டுகிறவனை நம்பாதீர்கள், அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குப் புரிந்தது வேறு. நீங்கள் கேட்டதற்குப் பதிலும் இதுதான். காற்று மாறும்போது பாயையும் தண்ணீரையும் உங்கள் கை தானே பார்த்துக்கொள்ளும். முதலில் ஆட்களைப் பாருங்கள். எவன் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், எதற்காகப் பிடித்திருக்கிறான் என்று பாருங்கள். ஒரு காற்றுக்குச் சரியாக இருந்த வார்த்தை அடுத்த காற்றுக்கு ஆகாது. அப்போது கத்திக்கொண்டு நிற்காதீர்கள். அவன் எங்கே வர வேண்டுமோ அங்கே நீங்கள் முதலில் போய் உட்காருங்கள்.

அன்றைக்கே முனிரத்தினத்தோடு ரயிலேறினேன். நானே கொண்டுபோய் விடாமல் எனக்கு மனசு ஆறாது. வீட்டில் தங்கச்சி எங்களைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் இலை போட்டாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் அவள் கண் அவன் தோளுக்குப் போனது.

"துண்டு எங்க?"

"ஊர் பக்கம் கட்டி வெச்சுட்டு வந்துட்டேன்."

"ஊர் பக்கமா? ஊருக்குத்தானே வந்திருக்க. இன்னா உளர்ற?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையால் என்னைக் காட்டினான். "உங்க அண்ணன் அவரு பக்கம் கூப்ட்டாரு. அத்த வுட்டாத்தான் போக முடியும் போல இருந்துச்சு. வுட்டுட்டுப் போய்ட்டேன்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்பாள், எப்படிச் சொல்வது என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவள் கேட்கவில்லை. கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டு, என் இலைக்கு வந்து இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.